ஆறு சக்கரமும் பழைய பிரேக்கும்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டிக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தைக் கூட்டிவிட்டார்கள். இதை எழுத உட்காரும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அந்த பிக்கப்பை ஓட்டுவது நான். ஆர்.சி.யில் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, சரி. ஆனால் எங்கள் பூண்டியிலிருந்து மன்னவனூர், பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் போய், அங்கிருந்து மலை இறங்கி வத்தலக்குண்டுக்குக் காரட்டையும் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டையும் கொண்டு சேர்ப்பது நான்தான். வீட்டுக்காரர் தோட்டத்துக் கல்கட்டிலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் போய்விட்டது. கிளச்சை மிதித்து மிதித்து மலை இறங்க அவரால் ஆகாது. நான் செண்பகனூரில் வளர்ந்தவள். அப்பா வாடகை ஜீப் ஓட்டினார். எனக்கு வயது வந்ததும் ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தார். பெண் பார்க்க வந்தபோது அந்த லைசென்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முழங்கால் போன பிறகு எல்லாருக்கும் அது ஞாபகத்துக்கு வந்தது.

வாங்கும்போதே பழைய வண்டி. எங்களுக்கு முன்னால் இரண்டு கை மாறியிருந்தது. அதன் குணமெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. குளிர்காலத்தில் காலையில் எத்தனை நேரம் உறுமவிட வேண்டும், எந்த வளைவில் இரண்டாவது கியரிலிருந்து எடுக்கக் கூடாது, பிரேக்கை எங்கே தொட வேண்டும், எங்கே தொடவே கூடாது என்பதெல்லாம் காலுக்கே தெரியும்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் செண்பகனூர் போயிருந்தேன். சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்பதால் கொஞ்ச நாள் அங்கேயே தங்கிவிட்டேன். அந்த இடைவெளியில் கொழுந்தன் வண்டியைக் கீழே வத்தலக்குண்டுக்கு ஓட்டிப்போய், தனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் விட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்குத் தெரியும். தினமும் போனில் என்னோடு பேசினார். அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்டார், காரட்டுக்கு மருந்து அடித்ததைச் சொன்னார். இதைச் சொல்லவில்லை.

நான் பஸ்ஸில் வந்து இறங்கினபோது எங்கள் வீட்டு முன்னால் கூட்டமாக நின்றார்கள். வண்டிக்கு மாலை போட்டிருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் இரண்டு, பின்னால் நாலு. பின்பக்கம் புதுச் சக்கரங்கள் இரண்டும் தொட்டிக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றன. மேலே மட்கார்டுகூட இல்லை. என் கையில் பை இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

"என்ன தம்பி இது?"

"டபுள் வீல் போட்டாச்சு மதினி," என்றார் கொழுந்தன். முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே எவ்வளவு ஏத்துனாலும் அசையாது. பக்கத்துத் தோட்டத்துப் பூண்டையும் நம்மளே ஏத்திக்கிரலாம்."

"பிரேக்கு?"

"பிரேக்கு நல்லாத்தான இருக்கு."

"முன்ன இருந்த அதே பிரேக்குதான? அதே இஞ்சின்தான? லோடு கூடுனா மலையில நிப்பாட்டுறது யாரு, நீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொழுந்தனும் சிரித்தார். "மதினி வந்ததும் வராததுமா இன்ஸ்பெக்டர் மாதிரி கேக்குறாங்க" என்றார். அதற்கும் சிரிப்பு. நான் பையோடு உள்ளே போய்விட்டேன்.

அச்சை மாற்றவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. சின்ன லாரியின் பின் அச்சையே முழுசாக எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு மாதிரி. இவர்கள் செய்தது வேறு. பழைய அச்சின் முனையில் ஒரு இரும்பு வட்டத்தை வைத்து முடுக்கி, அதில் இரண்டு சக்கரத்தைச் சேர்த்து மாட்டிவிட்டார்கள். அடியில் பட்டையைக் கூட்டி ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கியிருந்தார்கள். அதாவது சுமக்கிற எலும்பு பழசு, சுமை மட்டும் புதுசு.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"தம்பி நல்லதுக்குத்தான செஞ்சிருக்கான். நீ மழையில இறங்கும்போது பயமில்லாம இருக்கணும்ல."

"எனக்குப் பயமா இருக்குன்னு உங்ககிட்ட எப்பச் சொன்னேன்?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். தம்பியை ஒரு சொல் சொல்ல மாட்டார், என்னை எதிர்த்தும் ஒரு சொல் சொல்ல மாட்டார். நடுவில் உட்கார்ந்துகொண்டு முழங்காலைத் தடவுவார். எனக்கு அந்தப் பேசாமைமேல்தான் அதிகம் எரிச்சல் வந்தது.

அப்புறம் நான் ஓட்டத்தான் செய்தேன். காரட் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டிக் கிடக்கும்போது ரோஷம் பார்க்க முடியுமா? ஆனால் ஒவ்வொரு நடையும் எனக்கு வேதனை. எங்கள் தெருத் திருப்பத்தில் பின்சக்கரம் சுவரை உரசியது. பூம்பாறை வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் வெளிச் சக்கரம் தாரை விட்டு இறங்கிச் சேற்றை உழுதது. வெறும் வண்டியாகத் திரும்பும்போது நனைந்த ரோட்டில் பின்பக்கம் வழுக்கியது. முன்பு அந்த வண்டி அப்படிச் செய்ததே இல்லை. எல்லாவற்றிலும் மோசம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே கல் மாட்டிக்கொள்வது. தோட்டத்துப் பாதையெல்லாம் உடைகல். கல் நடுவில் சிக்கினால் டயரை உள்ளுக்குள்ளேயே அறுக்கும், இல்லையென்றால் பின்னால் வருகிறவன் கண்ணாடியில் தெறிக்கும். தோட்டத்தை விட்டு ரோட்டுக்கு ஏறினதும் இறங்கிக் குனிந்து கம்பியால் நெம்பி எடுப்பேன். சேலையெல்லாம் சேறு.

கொழுந்தனிடம் சொன்னேன். "நீங்க லோடு ஏத்த வண்டியப் பின்னால எடுக்கும்போது கல்லு மாட்டுதான்னு பாருங்க தம்பி."

"சரி மதினி, சரி மதினி" என்பார். பார்க்க மாட்டார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நடை வந்தது. காரட் லோடு. அதற்குமேல் பக்கத்துத் தோட்டத்துப் பூண்டு மூட்டைகள். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டார்கள். வண்டியை எடுத்ததுமே பாரம் தெரிந்தது.

"என்னத்த ஏத்துனீங்க?"

"வழக்கமா ஏத்துறதுதான். கொஞ்சம் கூட இருக்கும். நானும் வாறேன் மதினி, வடுகபட்டியில சோலி இருக்கு" என்று கொழுந்தன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கொடைக்கானல் தாண்டும்வரை எப்படியோ சமாளித்து ஓட்டினேன். பெருமாள்மலைக்குக் கீழே இறக்கம் தொடங்கியதும் நான் இரண்டாவது கியரை விடவே இல்லை. அப்படியும் வண்டி தள்ளிக்கொண்டே வந்தது. பிரேக்கைத் தொடாமல் முடியவில்லை. தொடத் தொட லைனர் கருகுகிற வாடை. ஒதுக்கி நிறுத்திச் சூடு ஆற்றலாம் என்று இடம் பார்த்துக்கொண்டே வந்தேன். சுற்றுலா வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. ஒதுங்க இடமே கிடைக்கவில்லை.

ஒரு வளைவு திரும்பும்போது வெடித்தது. வெடி போட்ட மாதிரி சத்தம். பின்பக்கம் இடது பக்கமாக இழுத்தது. அந்த இடத்தில் இடது பக்கம் பள்ளம். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்கம் திருப்பினேன். எதிரே ஏறிவந்த கார்க்காரன் நல்லவேளையாக நின்றுவிட்டான். பம்பர் கல்லில் மோத, வண்டி ரோட்டோர ஓடையில் சாய்ந்து நின்றது.

இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்தேன். அப்புறம்தான் பார்த்தேன். இடது வெளி டயர் கிழிந்து தொங்குகிறது. உள் டயர் அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு பிதுங்கி நிற்கிறது. கிழிந்த டயரின் உள்பக்கம் சுற்றிலும் அறுத்த தடம். கல் அறுத்த தடம்.

கொழுந்தனும் இறங்கி வந்தார். உதடெல்லாம் வெளுத்திருந்தது. கிழிந்ததைப் பார்த்தார், உள் டயரைப் பார்த்தார். மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"பாத்தீங்களா மதினி? டபுள் வீல் இல்லேன்னா இன்னைக்குக் கவுந்திருப்போம்."

என் வாழ்க்கையில் எனக்கு அத்தனை கோபம் வந்ததில்லை. ஏனென்றால் அவர் சொன்னது பொய் இல்லை. உள் டயர்தான் எங்களைத் தாங்கியது. ஒற்றைச் சக்கரமாக இருந்து வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒற்றைச் சக்கரமாக இருந்தால் நடுவில் கல் ஏது? ஒற்றைச் சக்கரமாக இருந்தால் இத்தனை மூட்டையை ஏற்றத் துணிந்திருப்பாரா? நெருப்பை வைத்தவனே ஒரு குடம் தண்ணியைக் காட்டிப் பெருமை பேசுகிற மாதிரி இருந்தது.

"ஏலே," என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "மூட்டைய இறக்கு."

"மதினி..."

"உன் பூண்டு மூட்டை ஒண்ணு விடாம இறக்கு. இல்லேன்னா சாவிய வாங்கிட்டு நீ ஓட்டிக்கிட்டுப் போ. நான் இங்கயே உக்காந்து பஸ்ஸைப் பிடிக்கிறேன்."

சாவியை நீட்டினேன். அவர் பள்ளத்தைப் பார்த்தார். சாவியை வாங்கவில்லை. தார்ப்பாயை அவிழ்த்தார். ஒவ்வொரு மூட்டையாக அவரே இறக்கி ரோட்டோரம் அடுக்கினார். ஏறி வந்த கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி வேடிக்கை பார்த்தார்கள். ஒரு அம்மாள் பூண்டு விற்கிறீர்களா என்றுகூடக் கேட்டாள். பாரம் குறைந்ததும் வண்டியை ஓடையிலிருந்து பின்னால் எடுத்து, ஸ்டெப்னியை மாட்டி, பிரேக் ஆறும்வரை நின்று, காரட்டோடு நான் தனியாக இறங்கினேன். கொழுந்தன் மூட்டைகளோடு ஒரு கல்லில் உட்கார்ந்து காலி லாரிக்காகக் காத்திருந்தார்.

வீடு திரும்பினால் கதை எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. டபுள் வீல்தான் உயிரைக் காப்பாற்றியதாம். மதினி பதறிப்போய் ரோட்டில் சத்தம் போட்டதாம். ஊரே அதை நம்பியது. வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "நீ சொல்லு, என்ன நடந்துச்சு?" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு மறுபடியும் முழங்காலைத் தடவினார். "எஃப்.சி. வருது. அது முடியட்டும், பேசிக்கிரலாம்" என்றார். எஃப்.சி. முடியும்வரை நான் பூண்டு ஒரு மூட்டைகூட ஏற்ற மாட்டேன் என்று சொல்லி, அப்படியே செய்தேன்.

வண்டி ஓடத் தகுதிதானா என்று பார்க்கிற அந்த எஃப்.சி.க்கு நாங்கள் மூன்று பேருமே கீழே போனோம். வண்டியைச் சுற்றி வந்த இன்ஸ்பெக்டர் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஆர்.சி.யில உள்ளது என்ன, வண்டியில இருக்கிறது என்ன? யார் அனுமதி கொடுத்தது?"

கொழுந்தன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மலை ரோடு, விவசாயி, பாதுகாப்பு என்றெல்லாம். அந்த மனிதர் சத்தம்கூடப் போடவில்லை. "பழையபடி மாத்திக் கொண்டாங்க. அப்பதான் சர்டிபிகேட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் கேட்டபோது கூட்டத்தோடு சிரித்த கொழுந்தன், முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதும் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். என்னை எரித்தது அதுதான்.

கீழேயே வேறொரு பட்டறையில் விட்டோம். நான் கூடவே நின்றேன். மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றி, அந்த இரும்பு வட்டத்தை எடுக்கும்போது ஒரு போல்ட் பாதியில் முறிந்து கையோடு வந்தது. அடுத்ததில் கீறல். பேரிங் வெந்து, கிரீஸ் கரியாக இருந்தது. அவர் அதை ஒரு துணியில் வைத்து வீட்டுக்காரரிடம் காட்டினார்.

"யாருங்க ஓட்டுறது?"

"எம் பொண்டாட்டி" என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நடை போயிருந்தா சக்கரம் கழண்டுருக்கும்மா. உள்ளதும் வெளியதும் சேர்ந்தே."

வீட்டுக்காரர் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் தம்பியின் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷத்தில் அவர் தம்பியிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "இனிமே அவ வண்டியத் தொடாதடா" என்றார். அவ்வளவுதான். கொழுந்தன் வெளியே போய் பஸ் பிடித்து மேலே வந்துவிட்டார்.

வண்டி நாலு சக்கரத்தோடு எஃப்.சி. வாங்கியது. எவ்வளவு ஏற்றுவது என்பதை இப்போது நான்தான் சொல்கிறேன். நான் போதும் என்றால் அடுத்த மூட்டை கீழேதான் கிடக்கும். கொழுந்தன் தனியாக ஒரு சின்ன லாரி எடுத்துவிட்டார். கம்பெனியிலேயே பின்னால் நாலு சக்கரம் வைத்தது. ஊர்ப் பூண்டு எல்லாம் அதில்தான் போகிறது. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிறோம். நான் மறுபடியும் "தம்பி, வாங்க" என்றுதான் பேசுகிறேன்.

போன மழையில் மலை இறங்கும்போது அவருடைய லாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தி, என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மதினி. பிரேக் சூடாயிருச்சு. ஆறட்டும்னு நிக்கேன்."

தானாக நிறுத்தியிருக்கிறார். கற்றுக்கொண்டுவிட்டார். அந்த ஒரு பேச்சிலேயே என் கோபம் தணிந்திருக்க வேண்டும் என்று, இதைக் கேட்ட என் தங்கச்சி சொன்னாள். தணியவில்லை. அவர் இதைக் கற்றுக்கொண்டது நான் ஓட்டிய வண்டியில், என் உயிரை வைத்து. "சரி தம்பி, வெரசா வந்துருங்க, மேல மழை கட்டுது" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டுக் கிளம்பினேன்.