பெண் பார்க்க வராத டாக்டர்

“...கொறைன்னு சொல்ல ஒண்ணுமே கெடையாதும்மா. வெச்ச எடத்துல உக்காந்துக்கினு இருக்கும். நாம கேட்டாத்தான் வாயே தொறக்கும்.”

அம்மா டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான், நாற்பதைத் தொட்ட மகள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. அன்று மட்டும் பொன்குஞ்சாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

கூட்டம் என்றால் எனக்கு உடம்பு நடுங்கும். வழக்கம் மாறினால் அழுகை வரும். நரம்புத் தளர்ச்சி என்று காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். தறியிலேயே தூங்கி விழுந்தேன், நடுக்கம் போகவில்லை. பிறகு ஒரு வார இதழில் ஆட்டிசம் (பிறவியிலேயே மூளை வேறுவிதமாக அமைந்திருப்பது) பற்றிப் படித்தேன். என் கதையாகவே இருந்தது.

“இவ்ளோ பேசற உனுக்கா?” என்று வீட்டில் சிரித்தார்கள். பேச்சு தடுமாறும் இடத்தில் ஒரு பழமொழியை எடுத்துவிட்டுத்தான் இத்தனை வருஷம் சமாளித்தேன் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சென்னையில் இந்த டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்தேன். “சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு தெரியாம முடிவு சொல்ல முடியாது. மாத்திரையையும் மாத்த முடியாது. வளர்த்தவங்களை அழைச்சிட்டு வாங்க” என்றார். என்னை வளர்த்தவர்களில் அம்மா மட்டும்தான் மிச்சம்.

புறப்படும்போதே அம்மா பட்டுப்புடவை கட்டச் சொல்லி, தலையில் பூ வைத்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தட்டிப்போன வரன்களிடம் சொன்ன அதே வார்த்தைகள் இப்போது வந்துகொண்டிருந்தன.

“எம்மா, நெசத்த சொல்லும்மா.”

“நீ சும்மா இருடி. பெரியவங்க பேசிக்கினு இருக்கறோம்ல. நல்லா சமைக்கும்மா.”

டாக்டர் சிரித்துவிட்டார். “நான் பொண்ணு பாக்க வரலைம்மா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா உண்மையைச் சொல்லாவிட்டால் மறுபடியும் அதே மாத்திரைதான். என்னைப் போல வளர்ந்தபின் டாக்டரைத் தேடிப் போகிறவர்களே, உடன் வருபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: அங்கே குறையைச் சொல்வதுதான் உதவி.

“மேளச் சத்தம், வேட்டுச் சத்தத்துக்கு அழுவாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும்...”

மின்சாரம் போனது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமியது. அம்மா பேசிக்கொண்டே சட்டென்று என் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளை இறுகப் பொத்தினார். எந்த விரல் எங்கே படியும் என்று என் தலைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனக்கு எத்தனை வயது என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

டாக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். மெல்ல ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் உதடுகள் நின்றன, பிறகு அசைந்தன, வெகுநேரம் அசைந்துகொண்டே இருந்தன. கைகளை அவர் எடுக்கவில்லை.