கமலவேணியின் நேர்க்கோடு

கமலவேணி ஒயரைக் கையில் எடுத்தால் முதலில் கட்டைவிரலால் அதன் தோலைத் தடவிப் பார்ப்பாள். தடிமன் விரலுக்குப் பிடிபட்டால் போதும். கத்தியை வைத்து ஒரே சுற்று, ஓர் இழுப்பு. தோல் மட்டும் குழாய் மாதிரி கழன்று வரும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் ஒரு கீறல் இருக்காது. பக்கத்து மேசை இளவட்டங்கள் குறடை வைத்து நெரித்து, கம்பியையும் சேர்த்து நறுக்கிவிட்டு முழிப்பார்கள். "பட்டைய மட்டும் எடுக்கணும் தம்பி, மரத்துல காயம் படக்கூடாது லா," என்பாள். ஒயரில் மரம் எங்கே வந்தது என்று அவர்களும் கேட்பதில்லை.

பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தைந்து வருடமாகப் பால்மரம் வெட்டுகிறவள். வயது நாற்பத்திரண்டு. விடிவதற்குள் பெரட்டு வரிசையில் நின்று பெயர் கொடுத்து, இரண்டு மணிக்குப் பாலை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். குளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, மூன்றரை மணி பஸ்ஸில் ஜாசினுக்குப் போய்விடுவாள். திங்கள், புதன், வெள்ளி நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை அங்கே தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒயரிங் வகுப்பு. பதினெட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் வாசலில் காவல் இருந்த ஜாகா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தையல் வகுப்புக்கு வழிகாட்டிவிட்டார். போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, "எனக்கு ஊசி ஆகாதும்மா, கரண்டுதான் வேணும்," என்று சொல்லிவிட்டு வந்தவள்.

ஆசைக்குப் படிக்க வந்தவள் இல்லை. இந்தத் தொண்ணூற்றாறாம் வருடத்தோடு தோட்டம் முடிகிறது. வீடமைப்புக் கம்பெனிக்காரன் வாங்கிவிட்டான். டிசம்பர் கடைசிக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். கணவர் ராமையா முதுகு பிடித்துப்போனதிலிருந்து கனமான வேலை எதுவும் செய்ய முடியாதவர். புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். தங்க வீடும் உண்டு. ஆனால் ஒயரிங் சர்ட்டிபிகேட் இல்லாமல் வராதே என்று சொல்லிவிட்டார்கள். தேர்வு நவம்பரில். அதை விட்டால் அடுத்தது ஜூனில்தான். ஜூன் வரை எந்தக் கூரைக்குக் கீழே இருப்பது?

சரி, தோல் உரிப்பதில் வகுப்புக்கே முதல் ஆள், மலாய்ப் பாடப் புத்தகத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறாள், பிறகென்ன என்கிறீர்களா? கோடுதான் வம்பு. சுவரில் ஒயரைப் பதித்து ஆணி அடித்தால் இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டே போகும். ஆறடி நீளத்தில் வலது முனை இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கும். பால்மரத்தின் வெட்டு அப்படித்தான் இருக்க வேண்டும். இடது மேலே, வலது கீழே, அந்தச் சரிவில்தான் பால் வழிந்து மங்குக் கிண்ணத்தில் விழும். இருபத்தைந்து வருடம் அதையே பார்த்த கண்ணுக்கு அந்தச் சரிவுதான் நேர்.

அளந்து பார்த்தால் தீர்ந்தது. ஆனால் அளவு நாடாவைத் தொடுவதென்றால் அம்மாளுக்கு மானக்கேடு. தோட்டத்தில் மற்றவர்கள் மரத்துக்கு மேற்பார்வை பார்க்கும் மண்டோர் தகரத் துண்டை வைத்துச் சரிவைக் கோடு கிழித்துக் கொடுப்பார்; "கமலா நெரைக்குத் தகரம் வேணாம், அவ கண்ணே தகரம்," என்பார். அந்தப் பேச்சை அவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் ஒத்திகை வைத்தார் வாத்தியார் என்சே யூசோப். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசத் தெரியாதவர். மட்டம் பார்க்கும் கோலை அவள் ஒயர்மேல் வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த நீர்க்குமிழி ஓடிப்போய் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, செங்கெட் லா." சாய்ந்திருக்கிறது என்கிறார்.

"நேராப் போட்டா சுசு மானா ஜாத்தோ?" என்றாள் கமலவேணி சட்டென்று. பால் எங்கே போய் விழும் என்று கேட்கிறாள்! வகுப்பே சிரித்தது. கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. என்சே யூசோப் மட்டும் சிரிக்காமல், தேர்வில் இப்படி இருந்தால் பெயில்தான் அக்கா என்றார்.

மறுநாளிலிருந்து லயத்து வீட்டுச் சுவர்தான் அவளுக்குச் சிலேட்டு. அடுப்புக்கரியால் கோடு இழுப்பாள். ராமையா இருமல் மருந்து பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, படுக்கை வசமாகக் கோட்டில் பிடித்து மட்டம் பார்ப்பார்.

"வலது பக்கம் எறங்குது கமலா."

"எறங்கலங்க. உங்க பாட்டில்தான் கோணல்."

"இருவத்தஞ்சு வருசக் கையி, ஒரு மாசத்துல நிமிருமா? செவத்தப் பூரா கரியாக்குனதுதான் மிச்சம்."

"இடிக்கப்போற செவருதான? போறதுக்குள்ள ஒரு வேலைக்கு ஆகட்டும்."

சுவரில் இடமில்லாமல் போன பிறகுதான் ஒரு நாள் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. "ஏங்க, என் கண்ணுக்கு அழகாத் தெரியிற கோடெல்லாம் தப்பா இருக்கு. கோணலாத் தெரியிறதுதான் சரியா இருக்கு." சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. சொந்தக் கண்ணை நம்பாதே என்றால் யாருக்குத்தான் வலிக்காது? அன்றைக்கே ராமையாவைப் பாசார் கடைக்கு அனுப்பி அளவு நாடா வாங்கிவரச் சொன்னாள்.

தேர்வன்று ஒவ்வொருவருக்கும் ஒரு பலகைச் சுவர். சுவிட்சிலிருந்து விளக்குக்கு ஆறடி கிடைக்கோடு. கமலவேணி மூன்று முறை அளந்து பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். கோடு வலப்பக்கம் மலையேறிக்கொண்டிருந்தது. பலகையே கோணலாக இருந்தால்? நாடாவைப் பிடித்த கை நழுவியிருந்தால்? அழித்துவிட்டு வலது முனையை ஒரு விரல் இறக்கினாள். அப்பாடா! கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அந்தக் குளிர்ச்சிதான் அவளைக் காப்பாற்றியது. "அழகா இருக்குன்னா தப்பு," என்று முணுமுணுத்தாள். மறுபடி அழித்தாள், மறுபடி அளந்தாள், பழைய கோட்டையே போட்டாள். அதற்கப்புறம் தலையை நிமிர்த்தவே இல்லை. ஆணியின் தலையை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். அடித்து முடித்ததும் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

சோதிக்க வந்தவர் வயதான சீனர். சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. சுவிட்சைத் தட்டினார், விளக்கு எரிந்தது. மட்டக்கோலை ஒயர்மேல் மூன்று இடத்தில் வைத்து வைத்து எடுத்தார். தாளில் எழுதிக்கொண்டே "லுலுஸ்" என்றார். பாஸ்! கதவோரம் நின்ற என்சே யூசோப் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கமலவேணி வெட்கம் பார்க்காமல் அழுதாள். வீடு கிடைத்துவிட்டது, வேறென்ன வேண்டும்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோதனைக்காரரிடம் மெல்லக் கேட்டாள்: "பெத்துல் லுருஸ்கா?" நிஜமாகவே நேராகத்தான் இருக்கிறதா?

"லுருஸ்," என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த பலகைக்குப் போய்விட்டார்.

கமலவேணி திரும்பித் தன் கோட்டைப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், தலையை மெதுவாக இடது தோள் பக்கம் சாய்த்து, இன்னும் கொஞ்சம் சாய்த்து, அது தன் கண்ணுக்கு நேராகும் வரை அப்படியே நின்றாள்.