விளக்குக் கரி என்று சொன்னவன்

அந்தக் கரியை முதலில் கண்டது நான்தான். கண்டதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. காரணமும் சொன்னேன், வினை அங்கேதான் தொடங்கியது.

பிரெஞ்சு பேசும் ஒரு குளிர் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீடு பழைய கட்டடமொன்றின் கீழ்த்தளம். மேலே இன்னொரு தமிழ்க் குடும்பம். அவர்களுக்கு மின்சாரச் சூடு, எங்களுக்கு பேஸ்மென்டில் நிற்கும் எண்ணெய் ஃபர்னஸ். அது எண்ணெயை எரித்து, சூடான காற்றைத் தரையில் உள்ள துவாரங்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் ஊதும். தை மாதத்தில் அந்தத் துவாரங்களுக்கு மேலே சுவர் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கியது. திரைச்சீலைகளின் கீழ் விளிம்பு கறுத்தது. விரலால் தடவிப் பார்த்தேன், பிசுபிசுவென்று கரி.

நான் டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடமாக விமானங்களின் உள்ளே துப்புரவு செய்கிறவன். ஆசனத்தில் இருக்கும் கறையைப் பார்த்தே அது கோப்பியா, குழந்தையின் வாந்தியா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில் நேரே சாமியறையைக் கைகாட்டினேன். என் மனைவி காலையும் மாலையும் விளக்கு வைப்பாள், கற்பூரம் காட்டுவாள், வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணியும் போடுவாள்.

"இஞ்சரும், உம்மட விளக்கால வீடு கறுத்துப் போகுது," என்றேன்.

"ஒரு திரி விளக்கு. அதின்ர கரி முன்னறை ஹோல் வரைக்கும் வருமோ?"

"பின்ன எங்கயிருந்து வருது? சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் சேந்துதான்."

அவள் சாம்பிராணியை நிறுத்தினாள். பிறகு கற்பூரத்தை நிறுத்தினாள். கரி கூடியதே தவிரக் குறையவில்லை. அது முன்பு படிந்த கரி இப்போது வெளியே தெரிகிறது என்றேன். என்னிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணத்தில் அவளுடைய அப்பா காலமானார். பயணச்சீட்டு எடுத்துப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சமையலறைக் கதிரையில் இருந்தபடி, கைத்தொலைபேசியை சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, செத்தவீட்டைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கும்போது படம் அசையாமல் நின்றுவிட்டது. படம் திரும்பி வந்தபோது முற்றத்தில் ஆட்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள்.

சாவு நடந்த குடும்பத்துக்கு வருகிற தீட்டை நாங்கள் துடக்கு என்போம். துடக்குள்ள நாட்களில் சாமியறைக்குள் போவதில்லை, விளக்கு ஏற்றுவதில்லை, கோயிலுக்கும் மற்றவர் வீட்டுக்கும் போவதில்லை. கட்டிக்கொடுத்த மகளுக்குத் தாய் தகப்பனின் துடக்கு மூன்று நாள்தான் என்று ஊரிலிருந்து ஐயர் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் அதையே சொன்னேன்.

"மூண்டு நாள் காணும். பெத்த பிள்ளை எண்டாலும் நீர் இப்ப எங்கட குடும்பம்."

"ஏன், அவர் எனக்கு மூண்டு நாள் அப்பாவோ?" என்றாள்.

முப்பத்தொரு நாளும் துடக்குக் காப்பதென்று முடிவெடுத்தாள். விளக்கைப் புளி போட்டு மினுக்கி, துடைத்து, சாமியறையில் ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்தாள். பக்கத்தில் புதுத் திரி ஒன்று. கதவைச் சாத்தினாள். முப்பத்தோராம் நாள் அவளுடைய தம்பி ஊரில் கீரிமலைத் தீர்த்தக்கரையில் கிரியை செய்வான். அன்றைக்கு இவள் இங்கே தன் வீட்டில், தன் கையால் சமைத்து, அப்பாவுக்குப் படைக்கப் போகிறாள். முகத்தை நேரில் பார்க்கவில்லை, கொள்ளிக்குப் போகவில்லை, இனி அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்தப் படையல் ஒன்றுதான்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் பேஸ்மென்டில் 'டும்' என்று ஒரு சத்தம். பெரிய தகரப் பெட்டியை யாரோ தூக்கிப் போட்டதுபோல இருந்தது. அடுத்த நிமிடம் எல்லாத் துவாரங்களிலிருந்தும் கறுப்புப் புகை. நான் ஓடிப்போய் ஃபர்னஸை நிறுத்தி, யன்னல்களைத் திறந்துவிட்டு வந்து பார்த்தால், சுவர், கூரை, சோபா, சோற்றுப்பானை மூடி, துவைத்து மடித்து வைத்த துணி, எதுவும் மிச்சமில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே கரி கொட்டியிருந்தது.

உடனே என்ன செய்தேன்? தொழில்காரன் அல்லவா. வாளியில் வெந்நீரும் சவர்க்காரமும் எடுத்து ஹோல் சுவரைத் துடைத்தேன். எண்ணெய்க் கரி தண்ணீரைக் கண்டால் சுவருக்குள் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஓர் ஆள் நீளத்துக்குத் துடைத்த இடம் திட்டுத்திட்டாகக் கறுத்து அலங்கோலமாகிப் போனது.

பிறகு காப்புறுதிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் பேசிய பெண் ஆங்கிலத்தில் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதற்கு முன்னர் கரி கண்டீர்களா என்றாள். 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு விட்டிருக்கலாம், அது பொய். 'ஓம்' என்ற ஒரு சொல்லோடும் விட்டிருக்கலாம், அது உண்மை. நான் இரண்டையும் விட்டுவிட்டு, மனைவி எண்ணெய் விளக்கு ஏற்றுவதையும், கரி அதிலிருந்து வருவதாக நான் கண்டுபிடித்ததையும், கற்பூரத்தை நிறுத்தியதையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். கவனமான வீட்டுக்காரன் என்று அவள் நினைக்க வேண்டுமாம். அவள் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது. பரிசோதகர் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பின்னேரம் ஃபர்னஸ் திருத்துகிறவர் வந்தார். அவர் பேசியது பிரெஞ்சு. என் மனைவி கார்தெரி என்கிற பகல் காப்பகமொன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட எவ்வளவோ திறம். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எண்ணெய் பீச்சிற வாய் அடைபட்டுப் போச்சாம். எரியாத எண்ணெய் உள்ளுக்குத் தேங்கி ஒரேயடியாப் பத்தியிருக்கு. சூடாக்கிற பெட்டியிலயும் ஒரு வெடிப்பு இருக்காம்." அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "ஒரு மாசத்துக்கு மேல அதால கரி கசிஞ்சிருக்காம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் திருத்துகிறவருக்குக் கோப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. மின்சார ஹீட்டர் இரண்டை வாங்கி, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று. காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பு. தேநீரில் கறுப்பு. வேலைக்குப் போடும் சட்டையைக் குப்பைப் பையில் கட்டி வைத்து, வாசலில் நின்று போட்டுக்கொண்டு போனேன். காப்புறுதிக்குத் தொலைபேசி எடுத்தால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, பிறகு ஒரு பாட்டு. அந்தப் பாட்டு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஆள் கிடைத்தால், பரிசோதகர் புரோசார்ட் என்ற ஊரில் நிற்கிறார், இந்தக் கிழமை வருவார் என்பார்கள். அடுத்த கிழமை எடுத்தால் அப்போதும் 'இந்தக் கிழமை'. எரிச்சலில் ஒருநாள் போனைச் சோபாவில் எறிந்தேன். அதுவும் கறுத்து வந்தது.

என் மனைவி நாளுக்கு ஒரு கேள்விதான் கேட்டாள். "எப்ப வருவினமாம்?" கரியைத் தொடக்கூடாது, கரிக்குள் படைக்கவும் கூடாது. அவள் கலண்டரைப் பார்ப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் மேல்வீட்டு அக்கா இறங்கி வந்து வாசலில் நின்று சொன்னார்: "தங்கச்சி, எங்கட வீட்டில வைச்சுச் செய்யுங்கோவன். அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கு."

"துடக்கோட உங்கட வீட்டுக்குள்ள வரமாட்டன் அக்கா. குறை நினைக்காதேங்கோ."

அக்கா போனதும் எனக்கு வந்ததே கோபம். காப்புறுதிக்காரனில் வந்த கோபம், குளிரில் வந்த கோபம், என்மேலேயே வந்த கோபம் எல்லாம் சேர்ந்து அவளில் போய் விழுந்தது.

"மூண்டு நாளோட விட்டிருந்தால் எங்கையும் வைச்சுச் செய்திருக்கலாம். நீர்தான் பிடிவாதம் பிடிச்சுக் கொண்டு நிக்கிறீர்."

அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது நன்றாக வேண்டும்.

இருபத்தெட்டாம் நாள் பரிசோதகர் வந்தார். நெட்டையான இளைஞர், சப்பாத்துக்கு மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறை. கையிலிருந்த திரையைப் பார்த்து ஏதோ வாசித்தார். மனைவியின் முகம் மாறியது.

"என்னவாம்?" என்றேன்.

"வீட்டில விளக்குக் கொளுத்திறனாங்கள் எண்டு இருக்காம். விளக்குப் புகை கனகாலமாப் படிஞ்சால் அவையள் பொறுப்பில்லையாம். சாமியறையைக் காட்டட்டாம்."

துடக்குக் கழிய இன்னும் மூன்று நாள் இருந்தது. சாத்திய கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு, சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். உறை போட்டிருக்கிறேன் என்று அவர் காலைத் தூக்கிக் காட்டினார். கார்தெரிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள். கழற்றினார். கதவைத் திறந்துவிட்டு, அவள் வாசற்படிக்கு இப்பால் நின்றாள்.

உள்ளே சாமிப் படங்களின் முகங்கள் தெரியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த துவாரம் கரி முழுவதையும் அங்கே ஊதித் தள்ளியிருந்தது. பரிசோதகர் நேரே விளக்கிடம் போனார். தூக்கினார். கீழே தாளில் வட்டமாக ஒரு வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. திரியை எடுத்துத் திருப்பினார். மேல்பக்கம் கறுப்பு, கீழ்ப்பக்கம் அப்படியே பஞ்சு. எரிந்த முனை இல்லை.

ஏன் ஏற்றவில்லை என்று கேட்டார். எனக்கும் விளங்குகிற பிரெஞ்சில் அவள் சொன்னாள். அப்பா செத்துப்போனார், இருபத்தெட்டு நாளாக இந்த அறையைத் திறக்கவில்லை, விளக்கு இல்லாமலே வீடு கறுத்துக்கொண்டு போனது. அவர் தலையைக் குனிந்து அனுதாபம் சொன்னார். பிறகு திரையைக் காட்டி, ஆனால் விளக்கென்று சொன்னது மிஸியு, அதாவது நான், அல்லவா என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"உங்கட வாயால சொன்னது," என்றாள் என் மனைவி தமிழில். "நீங்களே மாத்திச் சொல்லுங்கோ. நான் மொழிபெயர்க்க மாட்டன்."

விமான நிலையத்தில் பொறுக்கிய பிரெஞ்சு எனக்கு வாளிக்கும் குப்பைப் பைக்கும் காணும், மன்னிப்புக்குக் காணாது. "மோன் எரர்," என்றேன். என் பிழை. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். தட்டச்சுச் செய்தார். மனைவிக்குச் சொல்ல வேண்டியதை ஓர் அந்நியருக்கு, அரைகுறை மொழியில், இரண்டு தடவை சொல்லிப் பதிவு செய்தாயிற்று. வெட்கமாக இருந்தது.

துப்புரவு செய்கிறவர்கள் அடுத்த கிழமை வருவார்கள் என்றார். படையலுக்குப் பிந்திவிடும். என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: ஓர் அறையை நாங்களே துடைக்கலாமா? அவர் யாருக்கோ போன் எடுத்துக் கேட்டு, எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, ஓர் அறைக்கு அனுமதி தந்தார். சாமியறையைச் சொல்வாள் என்று நினைத்தேன். சமையலறை என்றாள். அவர் திரும்பிப் போகும்போது காலுறையின் அடி கறுத்திருந்தது.

தண்ணீர் படாத ரப்பர் பஞ்சு வாங்கி, இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டு, கூரையிலிருந்து தரைவரை ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், திரும்பத் தேய்க்கக் கூடாது. கழுத்து விறைத்துப் போனது. அவள் பாத்திரங்களைக் கழுவினாள், விளக்கைத் திரும்பவும் மினுக்கினாள். நாங்கள் அதிகம் கதைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் விடிய முழுகிவிட்டுச் சமைக்கத் தொடங்கினாள். கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயாசம். அவருக்குப் பிடித்ததென்று பாகற்காய்ச் சம்பலும், பால் விடாமல் சீனி கூடின ஒரு பிளேன்டீயும். கடையில் வாங்கிய வாழையிலையை விரித்து, எல்லாவற்றையும் படைத்து, விளக்கை ஏற்றினாள். கும்பிட்டுவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே வந்தோம். செத்தவர் வந்து சாப்பிடும்வரை ஆட்கள் அங்கே நிற்பதில்லை.

ஹோலில் நின்றோம். அவள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். இருக்க ஒரு கதிரை இல்லை, எல்லாம் கரி. சாயலாம் என்றால் ஒரு சுவரும் இல்லை. அந்த ஒரு மாதத்தில் அவள் அழுது நான் காணவில்லை. இப்போது தோள் குலுங்கத் தொடங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னில் சாய்ந்தாள்.

"பிழை என்னில," என்றேன். "அண்டைக்கு அவர் கரி கசிஞ்சதெண்டு சொன்ன உடனேயே நான்..."

என் நெஞ்சில் இருந்த கையைத் தூக்கி என் வாயில் வைத்தாள்.

"இப்ப கதையாதேங்கோ," என்றாள். "அப்பா சாப்பிடுறார்."