சட்டை முதுகில் நான்கு விரல்

இது எனக்கு நடந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ, நண்பனின் நண்பனுக்கோ அல்ல, எனக்கு. கேட்டுவிட்டு யாராவது சிரித்தால் நான் சண்டைக்குப் போவதில்லை. அலமாரியில் ஒரு சட்டை இருக்கிறது. எடுத்துக் காட்டுவேன். அதைப் பார்த்த பிறகு யாரும் சிரித்ததில்லை.

பேய் என்றதும் அமாவாசை, நாய் ஊளை, கரண்ட் கட் என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் ஆரம்பித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளவும் இல்லை, அங்கே இருட்டும் இல்லை. தலைக்கு மேல் நாலு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். லீவு நாளில் வீட்டை ஒட்டிய கேரேஜில் வெளி வேலை பார்ப்பேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு கையும் ஒழுங்காக இருக்கும்வரைதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். "மூஞ்சிக்கு இல்லாட்டியும் அந்தக் கைக்காவது ஒரு இன்ஷூரன்ஸ் போடுங்க" என்று மனைவி கிண்டல் செய்வாள். நான் போடவில்லை.

கிரீஸ் அடிப்பதற்கு என்னிடம் இருந்தது பழைய கைப்பம்பு. ஒரு கையால் பிடித்து மறு கையால் அடிக்க வேண்டும். ஒரு வண்டி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். பேட்டரியில் ஓடும் கிரீஸ் கன் ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அந்த வாரம்தான் ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார். மண் அள்ளும் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்த்தவர் ஒருவர் காலமாகிவிட்டாராம். அவருடைய சாமான்களை வீட்டம்மா விற்கிறாராம்.

போனேன். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, கன்னை வாசலிலேயே வைத்தார்.

"நல்லா வேலை செய்யுமா?"

"அவரு இருந்தவரைக்கும் செஞ்சுது."

அதற்கு மேல் எதுவும் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கன் அருமையாக இருந்தது. ஒரு குறைதான். கிரீஸ் போகும் ரப்பர் ஹோஸின் நடுவில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, அவசர அவசரமாகச் சுற்றியது மாதிரி. எனக்கு அழுக்கு டேப்பைக் கண்டாலே ஆகாது. உரித்துப் போட்டேன். உள்ளே ஹோஸ் நன்றாகத்தான் தெரிந்தது. நீல நிற கிரீஸ் டியூப் ஒன்றைப் புதிதாகப் போட்டேன்.

மனைவியின் தம்பி சரக்கு ஏற்றும் டிரெய்லரை முந்தின நாளே கொண்டுவந்து விட்டிருந்தான்.

"மாமா, சாயங்காலம் லோடு இருக்கு. நீங்க கை வச்சா போதும், வண்டி கப்பல் மாதிரி போகும்."

"கப்பலா? போன தடவை பாதி வழியில மூழ்கிச்சே."

"அது டயருங்க மாமா. அதுக்கு நீங்க பொறுப்பில்ல."

மத்தியானம் இரண்டு மணி. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டேன். வெயில் உள்ளே வராது. பக்கவாட்டுக் கதவையும் தாழ் போட்டேன். டிரெய்லரின் அடியில் உட்கார்ந்து கிரீஸ் ஏற்றும் சின்ன முனையான முதல் நிப்பிளில் கன்னின் வாயை மாட்டி ட்ரிக்கரை அழுத்தினேன்.

கிர்ர்ர்… கிர்ர்ர்…

பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வந்தது. அதன் பின்னால் புதுசு நீலமாக எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் வேலை. தோளில் வலி இல்லை, நெற்றியில் வியர்வை இல்லை. இத்தனை வருஷம் முட்டாளாக இருந்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது நிப்பிள் அடைத்திருந்தது. கன்னின் சத்தம் மாறியது. க்ர்ர்ம்… க்ர்ர்ம்… மூச்சு முட்டுவது மாதிரி. கிரீஸ் வெளியே வரவில்லை. ஆனால் டியூபில் குறைந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் எங்கோ ஒழுகுகிறது. எங்கே?

கைப்பம்பில் இப்படி ஆனால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். வலது கையால் ட்ரிக்கரை விடாமல் அழுத்திக்கொண்டு, இடது ஆள்காட்டி விரலால் ஹோஸை மெதுவாகத் தடவிக்கொண்டே போனேன். எந்த மெக்கானிக்கும் இப்படித்தான் செய்வான்.

டேப் இருந்த இடம் வந்தது.

ஸ்ஸ்… என்று ஒரு சத்தம். விரல் நுனியில் ஏதோ பட்டது. எறும்பு கடித்த அளவுகூட இல்லை. பார்த்தேன். ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. ரத்தம் இல்லை. வலி இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே கால்.

ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. இடது கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்தேன். விரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டினேன். ஹோஸில் திரும்ப டேப் சுற்றினேன். அதன் பிறகு இடது கையை வேலையில் சேர்க்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் இடது கை சுத்தமாக இருந்தது.

கன்னை எடுத்து அழுத்தினேன். ஓடவில்லை.

பேட்டரி கன்னில் இல்லை. எதிர் மேசையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பக்கத்தில் இருந்தது. நான்தான் கழற்றி வைத்திருப்பேன் என்று எடுத்து மாட்டினேன். டக். நிப்பிளைச் சுத்தம் செய்யத் திரும்பினேன். மறுபடி அழுத்தினேன். ஓடவில்லை. பேட்டரி மேசையில் இருந்தது.

இப்போது எழுதும்போது உடம்பு சிலிர்க்கிறது. அப்போது எதுவும் தோன்றவில்லை. அதை எப்படிச் சொல்வது… விரல் மரத்துப்போயிருந்தது. அந்த மரப்பு கைவழியாக ஏறி மனசுக்கும் வந்துவிட்ட மாதிரி இருந்தது. 'ஓகோ, பேட்டரி அங்கே போயிருக்கிறது' என்று மட்டும் நினைத்தேன். மூன்றாம் முறையும் மாட்டினேன்.

அப்போதுதான் தடத்தைப் பார்த்தேன்.

பேட்டரிமேல் நீல கிரீஸில் ஒரு கை. பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாள்மேல் ஒன்று. தாழ் திறந்திருந்தது. லைட் சுவிட்சுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவரில் இன்னொன்று. எல்லாம் இடது கை.

என் இடது கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"யாரு உள்ள?" என்றேன். டிரெய்லருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பினேன். டிரெய்லரின் பக்கப் பலகையில், நான் இப்போதுதான் கடந்து வந்த இடத்தில், ஒரு தடம். புதிது. மினுமினுத்தது.

தடம் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

போயிருக்க வேண்டும். திறந்த கதவு நாலு அடியில் இருந்தது. நான் உட்கார்ந்து கன்னை எடுத்தேன். வேலை முடியவில்லையே… அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது.

கிர்ர்…

நின்றுவிட்டது.

பேட்டரி இருந்தது. ட்ரிக்கரில் என் விரல் இருந்தது. ஆனாலும் ஓடவில்லை.

முதுகில் கனம். யாரோ கை வைத்தது மாதிரி.

சூடு இல்லை. குளிர்ச்சி இல்லை. கனம் மட்டும்.

நான் திரும்பவில்லை.

"டீ…" என்று மனைவியின் குரல்.

கனம் போய்விட்டது.

அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து டம்ளரோடு நின்றாள். மணி மூன்றே முக்கால் என்றாள். இரண்டரைதான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"யாரு வந்தது?"

"யாரும் வரல."

"அப்ப உங்க முதுகுல யாரு கை வச்சது?"

சட்டையைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். முதுகின் நடுவே, தோள்பட்டைக்குக் கீழே, விரல்கள் மேல்நோக்கி ஒரு முழுக் கை. இடது கை. உள்ளங்கை ரேகைவரை தெரிந்தது. ஆனால் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் காலியாக இருந்தது.

"நாலு விரல்தான் இருக்கு" என்றாள். "சுண்டு விரல் பாருங்க, கோணலா உள்ள மடங்கியிருக்கு. இது எந்தக் கிறுக்கன் கை?"

நான் டம்ளரை வாங்க இடது கையை நீட்டினேன். விரல்கள் டம்ளரைச் சுற்றி மூடவில்லை. டீ தரையில் கொட்டியது. சுடச்சுடக் கையிலும் கொட்டியது. சூடு எனக்குத் தெரியவே இல்லை.

அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். பிளாஸ்டரைப் பிய்த்தாள். ஆள்காட்டி விரல் மெழுகுவத்தி மாதிரி வெளுத்து வீங்கியிருந்தது. அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"இல்ல."

"எந்திரிங்க."

லோடு ஏற்ற வந்த மச்சான் லோடை விட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனான். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் விரலைப் பார்த்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்குக் குத்துச்சு?"

"ரெண்டே கால்."

அவர் நர்ஸிடம் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். பிறகு நிதானமாக எனக்கு விளக்கினார். ஹோஸின் ஓட்டை வழியாகப் பீய்ச்சின கிரீஸ் தோலைத் துளைத்து விரலுக்குள் போயிருக்கிறது. இந்த மாதிரிக் காயம் முதலில் வலிக்காது. அதுதான் இதன் விஷமம். வலிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று படுத்துத் தூங்குகிறவர்கள்தான் அதிகம்.

"ராத்திரி தூங்கிட்டு வந்திருந்தீங்கன்னா கையையே காப்பாத்தியிருக்க முடியாது. உங்களை உடனே வரச் சொன்னது யாரு?"

"என் சம்சாரம்" என்றேன். சட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

அன்றைக்கு உள்ளங்கையைத் திறந்து கிரீஸைச் சுரண்டி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். மற்றது எல்லாம் தப்பித்தது. மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து முதல் முறை கேரேஜ் லைட்டைப் போட்டேன். சுவரில் ஒரு தடமும் இல்லை. துடைத்தாயா என்று மனைவியிடம் கேட்டேன். அன்றைக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை என்றாள். பயம் அப்போதுதான் வந்தது.

கட்டுப் பிரித்த பிறகு கன்னை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கொடுக்க என்று சொல்லிக்கொண்டேன். கேட்கத்தான் போனேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு இடது கையில விரல் ஏதாவது…"

"இல்லையே. அஞ்சும் நல்லாத்தான் இருந்துச்சு."

கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டேன். விரலில் ஏதோ குத்தியது என்றாராம். வலிக்கவில்லை என்றாராம். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். மறுநாள் காய்ச்சல், கை தோள்வரை வீக்கம். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று பிடிவாதம். மயக்கமான பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்களாம்.

"அன்னிக்கி அவரு சட்டையில…" என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது.

"முதுகுல கிரீஸ் கை. உங்களுக்கு யாரு சொன்னா? யாரு வச்சதுன்னு நான் கேட்டதுக்கு, 'உனக்கு வேற வேலையில்ல'ன்னு சட்டையைக் கழட்டி எறிஞ்சாரு. நான் துவைக்கப் போட்டுட்டேன்."

"அந்தக் கையில எத்தனை விரல்?"

"அஞ்சுதான். அவரு கை அளவேதான் இருந்துச்சு. தானே தொட்டுக்கிட்டாரோன்னு நினைச்சேன். ஆனா முதுகுல எப்படி எட்டும்…"

நான் என் இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"அவரை அஞ்சு விரலோடதான் கொண்டுபோனோம்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்து சட்டையை எடுத்தேன். எவ்வளவு துவைத்தும் போகவில்லை என்று மனைவி மடித்து வைத்திருந்தாள். மேசைமேல் விரித்தேன். அந்தத் தடத்தின்மேல் என் இடது கையை வைத்தேன்.

உள்ளங்கை பொருந்தியது. கட்டைவிரல் பொருந்தியது. விரல் இல்லாத இடம் பொருந்தியது. ஆபரேஷனில் நரம்பு இழுத்துக்கொண்டதால் என் சுண்டு விரல் இப்போது கோணலாக உள்ளே மடங்கியிருக்கிறது. அதுவும் பொருந்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சுண்டு விரல் நேராகத்தான் இருந்தது.