மருந்தடிக்காத மாப்பிள்ளை

என் அம்மாவின் கடைசித் தம்பியை நான் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இது புதிதில்லை. அம்மா கட்டியதும் அவளுடைய மாமன் மகனைத்தான். அதற்கு முந்தைய தலைமுறையும் அப்படியே. வெளியில் பெண் கொடுக்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால் எங்கள் ஆட்களுக்கு முகம் தொங்கிப்போகும்.

நான் மட்டும் ஒரு நிபந்தனை போட்டேன். மாமா இனி மலைக்குப் போய் மருந்தடிக்கக் கூடாது.

காரணம் இருந்தது. தாத்தா, பெரிய மாமா, நடு மாமா, மூன்று பேருமே மலையில் ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர்கள். டிரம்மில் மருந்தை ஊற்றி வெறுங்கையால் கலக்குவார்கள். மூன்று பேரும் ஐம்பதைத் தொடவில்லை. முதலில் காலையில் முகம் வீங்கும், அப்புறம் கால், அப்புறம் மூச்சு. பெரிய மாமா நாற்பது வயதில் அறுபது வயது ஆள்போல இருந்தார். வேலை முடிந்து போடியில் ஜீப்பை விட்டு இறங்கினால் சின்னப் பிள்ளைகள் தாத்தா என்று வழிவிடும். ஒவ்வொரு சாவு வீட்டிலும் மருந்தைத்தான் திட்டினோம். அதே தோட்டத்தில் அதே மருந்தை அடித்த வேறு சிலர் எழுபது வயதில் டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

"ஒனக்காக மலைய விட்டுர்றேன் புள்ள," என்றார் மாமா. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கூலி குறைவுதான். ஆனாலும் நான் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தேன். மாமன் உயிரை மீட்டவள் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன். மகன் பிறந்த பிறகு அவனையும் மலைப்பக்கம் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் போடிமெட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள் என்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

நாற்பத்திரண்டு வயதில் ஒரு நாள் காலை, மாமா முகம் வீங்கி எழுந்தார்.

நான் அழவில்லை, சண்டை போட்டேன். எனக்குத் தெரியாமல் மலைக்குப் போகிறார் என்றே நினைத்தேன். கடை முதலாளியிடமே போய்க் கேட்டேன். "ஒரு நா லீவு போடாத மனுசன்மா. அவரு எங்கிட்டுப் போவாரு?" என்றார் அவர். வீட்டுக்கு வந்து மாமாவின் சட்டையை மோந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம்தான் அடித்தது.

தேனியில் சிறுநீரக டாக்டர் இளவயதுப் பெண். குடும்பத்தில் யார் யாருக்கு வீக்கம் வந்தது, யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தாளில் கோடு இழுத்தார். கோடுகள் வெளியே போகாமல் சுற்றிச் சுற்றி உள்ளேயே வந்து முட்டின. பதினாறு வயது மகனையும் சோதிக்கச் சொன்னார். அவனுக்கும் தொடங்கியிருந்தது.

"அப்ப மலையில அடிச்ச மருந்தால வந்ததில்லையா?" என்று கேட்டேன்.

"அதுவும் கெடுதல்தாம்மா. மத்தவங்களுக்கு அதனால சீக்கிரமா முத்தியிருக்கலாம். மலைய விட்டதுல இவருக்குக் கொஞ்சம் வருசம் கூடக் கெடச்சிருக்கலாம். ஆனா நோய் ரத்தத்துலயே இருக்கு. உங்ககிட்ட பாதிதான், அதனால உங்கள ஒண்ணும் செய்யல. பையனுக்கு ரெண்டு பக்கமும் சேந்து வந்துருச்சு. வெளியில கட்டியிருந்தா..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கொஞ்சம் வருசம். நான் சாதித்தது அவ்வளவுதான். மலையிலிருந்து விலக்கியவரை நானே கட்டிக்கொண்டு, என் மகனுக்கு அந்த நோயைக் கொடுத்துவிட்டேன்.

என்னையும் முழுதாகச் சோதித்தார்கள். என் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இருவரில் யாருக்கும் பொருந்தும். ஆனால் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். மாமாவுக்கு இப்போதே வேண்டும். மகனுக்கு இன்னும் சில வருடங்களில் வேண்டியிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமாதான் பேச்சை எடுத்தார். "எனக்கு வேணாம். அவனுக்கு வையி."

"அவனுக்கு நாளு கெடக்கு மாமா. அதுக்குள்ள நம்ம சொந்தத்துல யாராச்சும் குடுப்பாக."

"எவன் குடுப்பான்? குடுத்தாத்தான் ஆகுமா? எல்லா ஒடம்புலயும் ஓடுறது ஒரே ரத்தம்."

அதற்கு மேல் நான் எதிர்த்துப் பேசவில்லை. இல்லை மாமா, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொன்னால் சரி என்று ஒத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. உயிரை மீட்கிறேன் என்று கட்டிக்கொண்டவரிடம் எனக்கு வந்த பயம் இது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் தேனிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். மாமாவுக்கு நாற்பத்தைந்து வயதுதான் ஆகிறது. பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். அதை மிடறு மிடறாகப் பிரித்துக் குடிப்பார், தாகம் தாங்காவிட்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொள்வார். ஆனால் என்னைச் சும்மா விடமாட்டார்.

"தண்ணி குடிச்சியா? நல்லா குடி. அவனுக்கு வச்சிருக்கறது கெட்டுறக் கூடாது."

செம்பு நிறைய மோந்து அவரே கொண்டுவந்து நீட்டுவார். பக்கத்திலேயே நிற்பார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சம் வைக்காமல் குடிக்கிறேன்.