இருவருக்கும் சிவப்பு வந்தால்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொட்டைமாடியில் போர்வை மடித்தது. ஆளுக்கு இரண்டு முனை. அவர் மடக்க, அவளும் அதே பக்கம் மடக்கினாள்.

"பாத்தியா? பேசாமலே ஒண்ணா மடிக்கிறோம். பழகின கை. உன் துகளும் இப்படித்தான், முன்னாடியே பேசி வச்சிருக்கும்."

"இல்லப்பா."

"ஆரம்பிச்சுட்டா!"

அவர் தேர்வு மையங்களில் காப்பி பிடிக்கும் பறக்கும் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேறு வேறு அறைகளில் இருவர் ஒரே தப்பை எழுதியிருந்தால், 'முன்னேற்பாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மகளின் ஆய்வகத்தில் ஒன்றோடொன்று பிணைந்த இரட்டை ஒளித்துகள்களைப் பிரித்து, இரண்டு கட்டடங்களுக்கு அனுப்பி அளக்கிறார்கள். பதில்கள் பொருந்தும் விதத்தை எந்த முன்னேற்பாட்டாலும் விளக்க முடியாது என்று அவள் சொன்ன அன்றே அவருக்கு மூக்கு வியர்த்தது.

போர்வை மடித்த அன்று மாலையே அவள் ஒரு பந்தயம் வைத்தாள். அப்பா கூடத்தில், அவருடைய அக்கா சமையலறையில், நடுவே சாத்திய கதவு. சீட்டுக்கட்டைக் கலைத்து ஆளுக்கொரு சீட்டு காட்டுவாள். பார்த்தவர் 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்ல வேண்டும். இருவருக்கும் சிவப்பு வந்தால் பதில்கள் வேறுவேறாக இருக்க வேண்டும். மற்றபடி ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்; ஆனால் ஒரு சுற்றுகூடத் தப்பக் கூடாது.

இருவரும் மூலையில் குசுகுசுத்தார்கள். தோற்றார்கள்.

"அக்கா, நீதான் சொதப்பிட்ட!"

"ஊரான் பிள்ளைங்க காப்பியெல்லாம் புடிச்ச. உனக்கு ஒரு தடவ ஒழுங்கா காப்பியடிக்கத் தெரியலயேடா!"

திட்டத்தை மாற்றினார்கள். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் கிழிந்தது. சிவப்பும் கறுப்புமாக இருவருக்கும் சீட்டு விழும் வகைகள் நான்கு. எந்த ஏற்பாடும் அதிகபட்சம் மூன்றில்தான் ஜெயிக்கும். இதே ஆட்டத்தில் ஒளித்துகள்களும் எப்போதும் ஜெயிப்பதில்லை, ஆனால் அந்த வரம்பைத் தாண்டுகின்றன. பதிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்களால் அது ஆகாது.

அப்பா விடவில்லை. "நடுவுல சேதி போயிருக்கும்."

"வெளிச்சமே போய்ச் சேர்றதுக்குள்ள பதில் வந்துடுதுப்பா."

"கேள்வித்தாள் முன்னாடியே வெளிய போயிருந்தா?"

"கேள்விய கடைசி நேரத்துல கருவிதான் தேர்ந்தெடுக்குது."

"கருவி யாரோடது?"

"எங்களோடது."

"அப்போ என் சீட்டுக்கட்டோட நான் வர்றேன். நான் கலைச்சுப் போடுறேன். அப்பவும் ஜெயிச்சா ஒத்துக்கறேன்."

"உங்க கை வேகம் பத்தாதுப்பா. ஆனாலும் வாங்க."

அளவீட்டை உலகம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. அவளுக்கு இந்த ஒரு தலையாட்டல் வேண்டியிருந்தது. வியாழக்கிழமைக்கு அனுமதி வாங்கினாள். செவ்வாய்க்கிழமை காலை, சட்டை மாட்டும்போது அவர் இதயம் நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா எங்க இருந்தாலும் உன்னோட பிணைஞ்சுதாம்மா இருப்பாரு. உன் படிப்பே அதத்தானே சொல்லுது?"

"சொல்லல," என்றாள். "அத வச்சு ஒரு வார்த்தை கூட அனுப்ப முடியாது."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அத்தை மட்டும், "அப்படியே அவன் வாய்," என்றாள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று வாசல் காவலர் தயங்கினார். "மேடம், உங்க அப்பா பேர்ல ஒரு அனுமதி இருக்கு. எடுத்துடட்டுமா?"

சீட்டுக்கட்டு அவள் பையில், வியாழக்கிழமைக்கென்று அவர் அடுக்கி வைத்தபடியே இருந்தது.

"இருக்கட்டும். அவர் இன்னும் ஒத்துக்கல."