இருமல் வெட்டுகிறவர்

"போடட்டுமா?" என்று பக்கத்து அறைக்குக் குரல் கொடுத்துவிட்டு, ஹெட்போனை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். உள்ளே படுத்திருக்கும் மனைவி "போடுங்க" என்று சொன்ன பிறகுதான் அது தலையில் ஏறும். கழற்றும்போதும் அப்படித்தான். "எடுத்துட்டேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் மறுவேலை. எதற்கு இந்தத் தமுக்கு என்று கேட்டால், "அவ கூப்பிட்டு என் காதுல விழாம போயிட்டா? போட்டிருக்கேனா இல்லையான்னு அவளுக்குத் தெரியணுமில்ல" என்பார்.

கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சலவைக்காரர். துணிக்கு இல்லை, குரலுக்கு. புத்தகங்களை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து விற்கிற கம்பெனி அது. வாசிக்கிறவர் எச்சில் விழுங்குவது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிவது, நாற்காலி முனகுவது, பக்கம் புரள்வது, நடுவில் ஒரு பெருமூச்சு, ஒரு இருமல் என எல்லா அழுக்கையும் வெட்டி எடுத்து, தழும்பு தெரியாமல் ஒட்டிக் கொடுப்பது இவர் வேலை. "குரல் என்னமோ தேனுதான். ஆனா வாயில ஒரு சந்தையே நடக்குதுய்யா" என்று அலுத்துக்கொண்டே வெட்டுவார். திரையில் ஒலி கோடு கோடாக ஓடும். அதைப் பார்த்து வெட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். விரல் தானாகப் போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்.

காது இப்படிப் பழகிவிட்டால் மனிதரோடு சகஜமாகப் பேச முடியுமா? ஒருநாள் மளிகைக் கடைக்காரரிடம், "கடைவாய்ப் பல் ஆடுதா உங்களுக்கு? காத்து போகுது பாருங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் இவரைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் விலை சொல்கிறார். சொந்தக்காரர்கள் போன் செய்தால் விஷயத்தை விட்டுவிட்டு, "மாடிப்படி ஏறிட்டே பேசுறியா?" என்று கேட்பார். பாட்டு மட்டும் கேட்க மாட்டார். "அதையெல்லாம் வேற வேலை இல்லாதவன் கேட்பான்" என்பார். இத்தனைக்கும் அவரிடம் இருப்பது பாட்டுப் பைத்தியங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி ஹெட்போன்.

கல்யாணமான புதிதில் வாங்கியது. வீட்டுக்கு ஒரு கட்டில் வாங்கலாம் என்று போனவர் இதை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கொஞ்ச காலம் இருவரும் தரையில்தான் படுத்தார்கள். மனைவி சண்டை போடவில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சரி, சக்களத்தி வந்துட்டா. தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுங்க" என்றாள். பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அந்த வீட்டில் ஹெட்போன் என்ற சொல்லுக்கு இடமில்லை. சக்களத்தியைத் துடைத்தாயிற்றா, சக்களத்தி வயர் காலில் சிக்குகிறது, இப்படித்தான் பேச்சு.

அந்தச் சக்களத்திக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு காதுப் பக்கமும் மூடி கிடையாது, கம்பிவலைதான். வலை வழியாகக் காற்று போய் வருவதால் ஒலி அடைபடாமல், எதிரே உட்கார்ந்து ஒருவர் வாசிப்பது போலவே கேட்கும். ஆனால் உள்ளே போகிற காற்றோடு வெளிச் சத்தமும் போகும். கம்பெனியில் வேலை செய்த காலத்தில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அங்கே சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை. ஊசி விழுந்தால் அதுவே பெரிய செய்தி.

மனைவி படுக்கையில் விழுந்த பிறகு அவர் மேஜையும் கணினியும் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டன. நுரையீரலில் சளி தேங்குகிற வியாதி. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இது குணமாகிற நோய் இல்லை. இருமினா இருமட்டும், சளி வெளியே வரணும். அடக்க மட்டும் விடாதீங்க. அடக்கினா சீக்கிரம் முத்திடும்" என்றார். அதை அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். "ஊர்ல எல்லார் இருமலையும் வெட்டுறேன், உன் இருமலை மட்டும் வெட்டக் கூடாதாம், டாக்டர் உத்தரவு." அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது.

அங்கே ஆரம்பித்தது வினை. கண்ணை மூடி வேலை செய்யும்போது வலை வழியாக அவள் இருமல் வரும். புத்தகத்தில்தான் இருமுகிறார்கள் என்று அந்த இடத்தைக் குறித்து, மறுபடி ஓட்டிப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. குறியை அழிக்க மறந்து அப்படியே அனுப்பியதும் உண்டு. கம்பெனியில் சிரித்தார்கள். சலவைக்காரருக்கு வயசாகிவிட்டது என்று விட்டார்கள்.

பிறகு நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் காதில் இருமல் விழுந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, டம்ளரில் வெந்நீரோடு உள்ளே ஓடினார். அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் இருமியிருப்பாள் என்று போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். இருமியது அவள் இல்லை. புத்தகத்தை வாசித்தவர். கதாநாயகி தன் குழந்தையைக் கடைசியாகப் பார்க்கிற இடத்தில் லொக்கென்று ஒரு இருமலோடு அந்தப் புத்தகம் விற்பனைக்குப் போய்விட்டது.

வேலை பிரித்துக் கொடுக்கும் பெண் போன் செய்தாள். தங்கமான பெண்தான். அவளுக்கே சங்கடம். "அண்ணா, இல்லாத இருமலைக் குறிச்சு அனுப்பினீங்க, சரின்னு விட்டேன். இருக்கிற இருமலை விட்டுட்டீங்களே. இப்ப மெஷினே சுத்தம் பண்ணுதுன்னு மேல ஒரே பேச்சு. உங்க வேலை மாதிரி வராதுன்னு நான்தான் முட்டுக் கொடுத்துட்டு இருக்கேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் பேச்சு எடுபடாது அண்ணா." அவர் "சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்தார்.

மூடி வைத்த வேறு ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தார். "குடத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு" என்று அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் எச்சில் சத்தமும் எழுத்துச் சத்தமும் ஒன்றாகக் குழைந்தன. ஒலிப்பெட்டி ரிப்பேர்க்காரர் ஒருவர் பழைய சிநேகிதர். அவர்தான் வழி சொன்னார். கம்பிவலைக்கு உள்பக்கம் தடிமனான கம்பளித் துணியை வெட்டி ஒட்டிவிட்டால் வெளிச் சத்தம் வராது, பழகின ஒலியும் முக்கால்வாசி மிஞ்சும். "ஆனா ஒட்டினா ஒட்டினதுதான். பசை வலைக் கண்ணுல இறங்கிடும். அப்புறம் பழையபடி வேணும்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. ஒட்டாம சும்மா சொருகினா உள்ள அதிரும், உன் வேலைக்கு ஆகாது." கம்பளித் துண்டையும் பசை டியூபையும் கொடுத்துவிட்டு, "இந்தப் பொருளைப் போய் அடைக்கிறதுக்கு எனக்கே மனசு வரலை. ஒரு பாட்டாவது கேட்டுட்டு அடைய்யா" என்றார்.

டியூப் மேஜை மேல் திறக்கப்படாமல் கிடந்தது. அடைத்தால் வேலை தப்பும். அவள் கூப்பிட்டால் கேட்காது. அடைக்காவிட்டால் அவள் குரல் வரும், வேலை போகும். வேலை போனால் மருந்துக்கு எங்கே போவது? எப்படித் திருப்பிப் போட்டாலும் அவள் தலையில்தான் விடிந்தது.

மனைவிக்குத் தெரியாமல் எதுவும் அந்த வீட்டில் நடக்காது. "அடைச்சுத் தொலைங்களேன்" என்றாள்.

"நீ கூப்பிட்டா?"

"கூப்பிட்டு நீங்க வந்து என்னத்தைக் கிழிக்கப் போறீங்க? தண்ணிதானே. அதைப் பக்கத்துல வெச்சுட்டுப் போங்க."

"தண்ணி மட்டும்தானா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காலம் வந்தது போலத்தான் இருந்தது. இருமல் குறைந்தது. அவர் வேலை செய்கிற நேரத்தில் வலை வழியாக ஒன்றுமே வரவில்லை. அனுப்பிய புத்தகங்கள் திரும்பி வரவில்லை. பசை டியூபை எடுத்து அலமாரியில் போட்டார். மைத்துனி போனில் விசாரித்தபோது, "தேவலை, இப்ப ரொம்பவே தேவலை" என்று சொன்னவர் குரலில் பெருமைகூட இருந்தது, தானே வைத்தியம் பார்த்த மாதிரி. ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் "எடுத்துட்டேன்" என்றதும், கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தது போல இருமல் புறப்பட்டு வரும். வந்தால் லேசில் நிற்காது. உலகத்தின் குரல்களில் எல்லாம் ஊசி தேடுகிற மனிதருக்குத் தன் வீட்டுக்குள் இது உறைக்கவில்லை.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஹெட்போனைக் கழற்றியவர், அறிவிக்க மறந்து அப்படியே எழுந்து உள்ளே போனார். அவள் கட்டிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். துண்டைச் சுருட்டி வாயில் அடைத்து, அதன் மேல் தலையணையை வைத்து அழுத்தியிருந்தாள். தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

அவரைப் பார்த்ததும் தலையணையை இறக்கினாள். மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எடுத்துட்டேன்னு சொல்ல மாட்டீங்களா?" என்றாள், திருட்டு பிடிபட்ட குழந்தையின் கோபத்தோடு.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபம்தான் வந்தது. டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே என்று கத்த வாயெடுத்தார். வாயிலிருந்து வந்தது அழுகை. இத்தனை நாளும் அவள் தேறி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது, அவள் தன் மூச்சை அரைத்து அவருக்குக் கொடுத்த அமைதி. அதில் உட்கார்ந்து அவர் யாரோ விடுகிற பெருமூச்சை வெட்டிக்கொண்டிருந்தார். "அழாதீங்க, மூக்கு அடைச்சா உங்களுக்குக் காது கேக்காது" என்றாள் அவள்.

"அடைச்சுடுறேன். இன்னைக்கே அடைச்சுடுறேன். நீ பாட்டுக்கு இருமு" என்றார்.

முன்னறைக்கு வந்து சின்னத் திருகாணிகளைக் கழற்றினார். கம்பளியை வட்டமாக வெட்டினார். பசை போடுமுன் பார்த்துவிடலாமே என்று அதைச் சும்மா உள்ளே பொருத்தி, எந்தப் பதிவையும் ஓட்டாமல் தலையில் மாட்டினார். ரிப்பேர்க்காரர் சொன்னது மெய். மின்விசிறி போயிற்று, தெரு போயிற்று, உள் அறை போயிற்று. அவள் தாராளமாக இருமிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. ஒருநாள் இந்த வீடு இப்படித்தான் இருக்கப் போகிறது என்ற நினைப்பு வந்தது. அன்றைக்குக் கம்பளியே தேவைப்படாது. அந்த நிசப்தத்தை இப்போதே, தன் கையாலேயே, பசை போட்டு ஒட்டி வைக்க வேண்டுமா?

கம்பளியை எடுத்து மேஜை இழுப்பறையில் தள்ளினார். அலமாரியில் அவளுடைய பழைய கறுப்புத் தாவணி ஒன்று இருந்தது. ஊதினால் பறக்கிற மெல்லிசு. அதில் இரண்டு வட்டம் வெட்டி வலைக்கு உள்பக்கம் இழுத்துக் கட்டி, திருகாணிகளை முடுக்கினார். வெளியிலிருந்து பார்த்தால் கம்பளிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. இனி ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை ஓட்ட வேண்டும். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் வந்தால் அது வாசிப்பவரின் இருமல், வராவிட்டால் இவளுடையது. கண்ணைத் திறந்து திரையில் ஓடும் கோட்டையும் பார்க்க வேண்டியதுதான். பாதி வேலைதான் முடியும். போகட்டும்.

மேஜையை நகர்த்தி உள் அறைக் கதவுக்கு நேராகப் போட்டார். ஹெட்போனைத் தூக்கி அவளிடம் காட்டினார். வலைக்குப் பின்னால் கறுப்பாக இருந்தது.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு. இனி இடி விழுந்தாலும் கேக்காது. ஏதாவது வேணும்னா துண்டை ஆட்டு, ஓரக்கண்ணுல தெரியும்."

"சக்களத்திக்குக் கண்ணைக் கட்டி விட்டுட்டீங்க, பாவம்."

"போடட்டுமா?"

"போடுங்க."

மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். விசை மேல் விரல் இருந்தது, அழுத்தவில்லை. "ஏங்க" என்று ஒரு குரல் வந்தது. அவர் திரும்பவில்லை. "ஏங்க, நிஜமாவே கேக்கலையா?" என்று இன்னும் கொஞ்சம் பலமாக வந்தது. அவர் கண் இமைக்காமல் திரையையே பார்த்தார். பிறகு அவள் இருமினாள். துண்டு இல்லாமல், தலையணை இல்லாமல், அவசரம் இல்லாமல், மார்பின் அடியிலிருந்து, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி இருமினாள். சலவைக்காரர் எதுவும் ஓடாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ வாசிப்பதைக் கேட்கிறவர் போல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.